படிக்கட்டில் நூறு வரை எண்ணினேன்

சென்ற மாதம் விழுப்புரத்தில் இளம் செவிலியராகிய உங்களுள் சிலரோடு அமர்ந்து பேசும் வாய்ப்பு எனக்கு அமைந்தது. பேச்சு முடிந்து நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த வேளையில், பணியில் சேர்ந்து நான்கு மாதங்களே ஆன பெண்ணொருத்தி அருகில் வந்து நின்றாள். அவளுடைய வார்டுப் பொறுப்பாளர் அவளை நாள்தோறும் அழவைக்கிறாராம்.

"பொறுத்துப் போகணுமா மேடம், இல்ல எதிர்த்துப் பேசணுமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

பேருந்துக்கு நேரமாயிற்று என்று பொய்யொன்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். முப்பது பேருக்கு முன்னால் ஒரு மணி நேரம் அறிவுரை வழங்கியவள், ஒருத்தியின் கேள்விக்கு அஞ்சி ஓடினேன். அவளுக்குரிய விடை இன்றும் என்னிடம் இல்லை. ஏன் இல்லை என்பதை மட்டும் எழுத முடியும் என்று தோன்றுகிறது. அவள் இதைப் படிப்பாளாக.

செவிலியர் பயிற்சியை நான் உரிய அகவையில்தான் முடித்தேன். ஓராண்டு வேலையும் பார்த்தேன். பின்னர் திருமணம், இரு பிள்ளைகள், படுக்கையில் கிடந்த மாமியார் என்று பதினெட்டு ஆண்டுகள் வீட்டிலேயே கழிந்தன. அந்த ஆண்டுகளில் அஞ்சல் வழியில் தமிழ் இலக்கியம் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றேன். இலக்கணம் தெரிந்தது, ஊசி போடும் கை மரத்துப்போயிற்று. நாற்பத்தோராம் அகவையில் திண்டிவனத்தில் ஒரு தனியார் மருத்துவமனை என்னைப் புதிய செவிலியாகச் சேர்த்துக்கொண்டது. ஆறு மாதத் தகுதிகாண் பருவம். அதன் முடிவில் பொறுப்புச் செவிலியர் என்னைப் பற்றி ஓர் அறிக்கை எழுதிக் கையொப்பமிட வேண்டும். அவர் மறுத்துவிட்டால் நான் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். பதினெட்டு ஆண்டு இடைவெளியுள்ள ஒருத்தியை இன்னொரு மருத்துவமனை ஏற்காது. இதனை நான் நன்கறிவேன். என் வீட்டாரும் அறிவர். "ஆறு மாசம்தானே, ஆசைக்குப் போய்ட்டு வரட்டும்" என்று என் கணவர் தம் தங்கையிடம் தொலைபேசியில் சொன்னதை அடுப்படியிலிருந்தே கேட்டேன்.

அந்தப் பொறுப்புச் செவிலியர் என்னைவிடப் பத்தாண்டு இளையவர். கண்டமங்கலத்துக்காரர். மெலிந்த உருவம், விரைந்த நடை, எந்நேரமும் சட்டைப்பையில் மூன்று பேனாக்கள். அவரை நான் "சிஸ்டர்" என்பேன். அவர் என்னை "அக்கா" என்பார். முதல் நாள் அந்தச் சொல்லில் மகிழ்ந்துபோனேன். சினம் வரும்போது மட்டுமே அவர் நாவில் அக்கா வருவாள் என்பது மூன்றாம் நாள்தான் விளங்கியது.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. நோயாளியைப் பார்த்துவிட்டு வந்து நிலையைச் சொல்வோம். அவர் ஏட்டிலிருந்து தலையை உயர்த்தாமல் கேட்பார். கேட்டு முடித்து, "போய்ப் பார்த்துட்டு வாங்கக்கா" என்பார். எது விடுபட்டது, எதைப் பார்க்க வேண்டும் என்று ஒருபோதும் சொல்லமாட்டார். திரும்பிப் போவோம். கையில் ஏற்றியிருந்த ஊசி நழுவி, தோலின் அடியில் நீர் கோத்து வீங்கியிருக்கும். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று வியந்து சரிசெய்துவிட்டு வருவோம். மற்றொரு நாள் அதே சொல். போய்த் தலை முதல் கால் வரை பார்ப்போம். ஒரு குறையும் இராது. வந்து சொன்னால் மறுபடியும், "போய்ப் பார்த்துட்டு வாங்கக்கா." மூன்றாம் முறையும் ஒன்றும் இராது. அப்போது "சரி" என்பார். அந்தச் சரியோடு நாம் விடுதலை பெறுவோம்.

ஒருமுறை துணிந்து கேட்டேன். "சிஸ்டர், எதனைக் கவனிக்க வேண்டும் என்று குறிப்பிட்டால் எனக்கு எளிதாக இருக்கும்."

"குறிப்பிட்டால்!" என்றார், பக்கத்தில் நின்ற ஸ்டெல்லாவைப் பார்த்து. ஸ்டெல்லா எனக்கு ஓராண்டு முன்பு சேர்ந்தவள், வாய்க்கு அஞ்சாதவள். "அக்கா நோட்டீஸ் அடிக்கிறாங்கடி. நீயாவது போய்ப் பார்த்துட்டு வா."

ஸ்டெல்லா சிரித்துக்கொண்டே போனாள். அவளுக்கு இந்த வழக்கம் ஒரு பொருட்டே இல்லை. "அவங்களுக்குப் பொழுது போகலைன்னா அனுப்புவாங்க, நாம ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வந்துடணும், அவ்ளோதான்" என்பாள். எனக்கு அப்படி இருக்க இயலவில்லை. ஒவ்வொரு முறையும், நான் எதையோ தவறவிட்டேன் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஒன்றும் இல்லாதபோது, என்னை இழிவுபடுத்தவே அனுப்பினார் என்று எரிச்சல் எழும். எது எப்போது என்று முன்கூட்டி அறிய வழியே இல்லை. விழுப்புரம் திரும்பும் பேருந்தில் விக்கிரவாண்டி வரையிலும் இதையே எண்ணிக்கொண்டு வருவேன். விக்கிரவாண்டி தாண்டியதும் அரிசி ஊறவைத்தேனா என்ற நினைவு வந்துவிடும்.

என் தமிழ் அங்கே ஒரு வேடிக்கைப் பொருளாயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். நோயாளி ஒருவரிடம் "வலி எவ்விடத்தில் உள்ளது? எப்பொழுது தொடங்கிற்று?" என்று கேட்டேன். "இன்னா சிஸ்டர், கோர்ட்டுல கேக்குற மாதிரி கேக்குறீங்க? நான் ஒண்ணும் பண்ணலைங்க" என்றார் அவர். வார்டே சிரித்தது. பொறுப்புச் செவிலியர் மட்டும் சிரிக்கவில்லை. அதுவும் எனக்குக் கலக்கமாக இருந்தது.

ஆறாம் மாதம். அறிக்கைக்கு ஒரு வாரமே எஞ்சியிருந்தது.

வல்லம் பக்கத்து ஊரொன்றிலிருந்து ஏழுமலை என்ற உழவர் வந்து சேர்ந்திருந்தார். பித்தப்பையில் கல். மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு அறுவை. உடன் அவர் மனைவி அஞ்சலை. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கும் பருவத்தில் ஆளை விட்டுவிட்டு வந்திருக்கிறோமே என்ற கவலை அந்த அம்மாவுக்கு அறுவையைவிடப் பெரிதாக இருந்தது. முந்தின நாள் மாலையிலேயே நான் இருவரையும் அமரவைத்து, இரவு பத்து மணிக்குப்பின் சோறோ, சிற்றுண்டியோ, காப்பியோ, பாலோ எதுவும் கூடாது என்று விளக்கினேன். இருவரும் தலையசைத்தனர்.

காலை ஏழு மணிக்கு நான் பணியேற்றேன். ஏழுமலைக்கு இரத்தக் கொதிப்பு உண்டு. அதற்குரிய மாத்திரையை மட்டும் ஒரே ஒரு மிடறு நீரோடு கொடுக்க வேண்டும் என்பது மருத்துவர் எழுதிய ஆணை. கொடுத்தேன். அவர் விழுங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனேன்.

எட்டு மணிக்கு அறுவைக்கான ஆயத்தங்களைச் சரிபார்த்தேன். கோப்பு, ஒப்புதல் கையொப்பம், ஆய்வு முடிவுகள், எல்லாம் இருந்தன. "எதுவும் சாப்பிடவில்லையே?" என்று கேட்டேன். "இல்லீங்க" என்றார் ஏழுமலை. அஞ்சலையும், "பச்சத் தண்ணி கூட இல்லம்மா" என்றார். வந்து சொன்னேன்.

"போய்ப் பார்த்துட்டு வாங்கக்கா."

போனேன். அறுவைக்குரிய பச்சை உடையின் கைப்பகுதியை உயர்த்திப் பார்த்தபோது மேற்கையில் ஒரு தாயத்து அகப்பட்டது. அவிழ்த்து அஞ்சலையிடம் கொடுத்தேன். இதைத்தான் சொன்னாரா, எப்படித்தான் இவருக்குத் தெரிகிறதோ என்று எண்ணியபடி வந்து சொன்னேன்.

அவர் ஏட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். "போய்ப் பார்த்துட்டு வாங்கக்கா."

அன்று என் மனநிலை எவ்வாறிருந்தது என்பதை நான் மறைக்கப்போவதில்லை. காலையில் வீட்டில் ஒரு பூசல். பேருந்தில் நின்றுகொண்டே பயணம். அறிக்கை எழுதப்படும் வாரம். தாயத்து அகப்பட்டுவிட்டது, இனி என்ன இருக்கப்போகிறது? இந்தப் பெண் என்னை வைத்து விளையாடுகிறாள் என்று மனத்துக்குள் முதன்முறையாக அவரை ஒருமையில் திட்டினேன். வார்டை நோக்கித் திரும்பினேன். உள்ளே போகவில்லை. கதவைத் தாண்டி மாடிப்படிக்கட்டின் திருப்பத்தில் போய் நின்றேன். ஒரு படுக்கைக்குப் போய்வர எவ்வளவு நேரமாகும்? ஒன்று, இரண்டு என்று நூறு வரை எண்ணினேன். பின் திரும்பி வந்து, "பார்த்துவிட்டேன் சிஸ்டர். குறை ஒன்றும் இல்லை" என்றேன்.

அவர் தலையை உயர்த்தினார். என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார்.

"சரி" என்றார்.

ஒன்பது மணிக்கு ஏழுமலையைத் தள்ளுவண்டியில் மேல்தளத்துக்கு ஏற்றிச் சென்றார்கள். அறுவை அரங்கு என்று நான் எழுதுவேன்; அங்கே எல்லாரும், நான் உட்பட, தியேட்டர் என்றே சொல்வோம்.

பத்து நிமிடம் கழித்துக் கைகழுவுவதற்காகப் பின்புறக் குழாயடிக்குப் போனேன். அஞ்சலை குந்தியமர்ந்து ஒரு தூக்குப்பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். பாத்திரத்தின் விளிம்பிலிருந்து செந்நிறக் குழம்பு போன்ற ஒன்று நீரோடு வழிந்தது. கேப்பைக் கூழ்.

"சாப்பிட்டீர்களா அம்மா?" என்று இயல்பாகத்தான் கேட்டேன்.

"எனக்கு எங்கம்மா எறங்குது? அந்த மனுசன் உள்ள கெடக்குறாரு. எல்லாம் அவருதான் குடிச்சாரு."

குழாயை மூடினேன். "எப்பொழுது?"

அஞ்சலை என்னைப் பார்த்தார். சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்ட முகம். பிறகு, தம் பக்கம் நியாயம் இருப்பவர்களுக்கே உரிய கோபத்தோடு எழுந்து நின்றார். "நீதானம்மா காலையில மாத்திரை குடுத்த? வெறும் வவுத்துல மாத்திரை போடலாமா? எந்த டாக்டரு சொல்லியிருக்காரு? பதினஞ்சு வருசமா அவரு பிரஷர் மாத்திரை போடுறாரு, எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போடு, சாப்பிட்டுட்டுப் போடுன்னுதான் சொல்றாங்க. நீ குடுத்துட்டுப் போன ஒடனே அரை டம்ளரு குடுத்தேன். கூழுதானே, சோறா குடுத்தேன்? நீ திரும்பித் திரும்பி வந்துக்கினு இருந்தியா, தூக்கைக் கட்டிலு அடியில தள்ளிட்டேன். அப்புறம் நீ வரலை. சரின்னு மிச்சத்தையும் குடுத்துட்டேன்."

அப்புறம் நீ வரலை.

நான் படிக்கட்டில் நின்று எண்ணிக்கொண்டிருந்த அந்த நூறு எண்களுக்குள் ஏழுமலை மிச்சக் கூழைக் குடித்து முடித்திருக்கிறார்.

வயிறு நிறைந்த ஒருவருக்கு மயக்க மருந்து கொடுத்தால் என்ன நேரும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உள்ளே உள்ளது மேலேறி மூச்சுக்குழலுக்குள் இறங்கும். சில வேளைகளில் மனிதர் கண்விழிப்பதே இல்லை. மேலே தொடங்கிவிட்டார்களா என்பது எனக்குத் தெரியவில்லை. எங்கள் வார்டில் ஓர் எழுதாச் சட்டம் இருந்தது: புதியவர் மருத்துவரிடம் நேரே பேசக்கூடாது; எதுவாயினும் பொறுப்புச் செவிலியர் வழியாகத்தான். அவரிடம் போனால் முதல் கேள்வியே, "மூணாவது தடவை பார்த்தீங்கல்ல?" என்பதாகத்தான் இருக்கும். ஆம் என்றால் என்னைக் குருடி என்பார்கள். இல்லை என்றால் பொய்க்காரி என்பார்கள். எப்படியும் அறிக்கை போயிற்று. ஒருகணம், மிக வெட்கத்தோடு சொல்கிறேன், ஒரே ஒருகணம், கூழ்தானே, மெல்லிய உணவுதானே, ஒன்றும் ஆகாமலும் போகலாம் என்ற எண்ணம் எனக்குள் வந்தது. அஞ்சலை சொன்ன அதே சொற்கள்தாம். அவருக்கு அறியாமை, எனக்கு அச்சம்.

பிறகு ஓடினேன். நாற்பத்தோராம் அகவையில், சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு, சரிவுப் பாதையில் மேலே ஓடினேன். காலணியோடு தியேட்டர் கதவைத் தள்ளினேன். மயக்க மருத்துவரின் கையில் ஊசி இருந்தது.

"நிறுத்துங்கள்! அவர் உணவருந்தியிருக்கிறார்!"

அச்சத்தில்கூட எனக்கு அந்தத் தமிழ்தான் வந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மேசையில் கிடந்த ஏழுமலை தலையைத் தூக்கி, "அது வெறும் கூழும்மா" என்றார்.

மயக்க மருத்துவர் அமைதியான மனிதர். ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, "எப்ப?" என்றார்.

"ஏழேகாலுக்கு அரைக் குவளை. எட்டரைக்கு மிச்சம்."

"மிச்சம்னா எவ்வளவு?"

"ஒரு சொம்பு இருக்கும்ங்க" என்றார் ஏழுமலை, உதவும் எண்ணத்தோடு.

அறுவை தள்ளிவைக்கப்பட்டது. தள்ளுவண்டி கீழே இறங்கியபோது ஏழுமலை என்னிடம் மெல்லக் கேட்டார், "முடிஞ்சிடுச்சாம்மா? ஒரு நோவும் தெரியலையே."

அதற்குள் அஞ்சலை எங்கள் மேசைக்கு வந்து குழாயடியில் நடந்ததைச் சொல்லியிருந்தார். கீழே மேசையருகே அறுவை மருத்துவர் நின்றுகொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது. "யாரு செக் பண்ணது இந்தக் கேசை? கூழு குடிச்ச பேஷன்ட்டைத் தியேட்டருக்கு அனுப்புறீங்க?"

என் வாய் திறந்தது. சொல் வெளிவருமுன் பொறுப்புச் செவிலியர் எழுந்தார்.

"நான்தான் டாக்டர் அனுப்பினது. அக்காவை மூணு தடவை செக் பண்ண அனுப்பினேன். அவங்களுக்கு அப்பவே டவுட்டு. விடாம போய்ப் பார்த்து, குழாயடி வரைக்கும் போய்க் கண்டுபிடிச்சு, தியேட்டருக்கே ஓடிப் போய் நிறுத்திட்டாங்க."

மருத்துவர் என்னைப் பார்த்தார். சினம் சற்றே தணிந்தது. "குட்" என்றார். "ஆனா செருப்போட உள்ள வராதீங்க." போய்விட்டார்.

செய்யாத ஒரு செயலுக்காக நான் பாராட்டப்பட்டேன். ஸ்டெல்லா என் முதுகில் தட்டினாள். "கலக்கிட்டீங்க தமிழம்மா!" பொறுப்புச் செவிலியர் எதுவும் நடவாதது போல் ஏட்டைத் திறந்துவிட்டார். அவர் அறியாமல் சொன்னாரா, அறிந்து காத்தாரா? காத்தார் எனில், ஏன்? ஆறு மாதமாக என்னை அலைக்கழித்தவர்.

அன்று மதியம் பணி மாறும் வேளையில் மருந்தறையில் அவர் தனியே இருந்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

"சிஸ்டர், மூன்றாம் முறை நான் போகவில்லை."

"தெரியும்."

"தெரியுமா?"

"படிக்கட்டுல நின்னுக்கினு இருந்தீங்க. மேசைக்கு எதிர்ல இருக்குற மருந்து பீரோ கண்ணாடியில நல்லாத் தெரிஞ்சுது. வாய் அசைஞ்சுக்கினு இருந்துச்சு. என்ன, மந்திரமா?"

"எண்ணிக்கொண்டிருந்தேன். நூறு வரை."

அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். எனக்குச் சினம் மூண்டது. "நான் போகவில்லை என்று தெரிந்தும் 'சரி' என்றீர்களே. அந்த மனிதரை மேலே அனுப்பிவிட்டீர்களே."

சிரிப்பு நின்றது. மருந்துப் பெட்டி ஒன்றை எடுத்து, காலாவதி நாளைப் பார்த்து, மறுபடி அதே இடத்தில் வைத்தார்.

"அங்க ஒண்ணும் இருக்கும்னு நான் நெனைக்கலக்கா. ரெண்டாவது தடவையே எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

"தாயத்து?"

"அதுவும் எனக்குத் தெரியாது. நீங்க வந்து சொன்னப்பதான் தெரியும்."

"பிறகு எதற்கு அனுப்பினீர்கள்?"

நான் எதிர்பார்த்த விடைகள் பல. அனுபவம், உள்ளுணர்வு, பயிற்சி, ஏதேனும் ஒன்று. அவர் சொன்னது இதுதான்:

"தெரியலக்கா. சில நாளு எனக்கே எதோ சரியில்லைன்னு தோணும், அனுப்புவேன். சில நாளு நீங்க பேசுற தமிழைக் கேட்டா பத்திக்கினு வரும், அதுக்கும் அனுப்புவேன். இன்னிக்கு எதுக்கு அனுப்பினேன்னு கேட்டா... சத்தியமா தெரியல."

கதவைத் திறந்துகொண்டு போனவர் நின்று, திரும்பிப் பாராமலே, "நானும் கண்ணாடியில பார்த்துக்கினே உக்காந்திருந்தேன்ல" என்றார்.

மருந்தறையில் நான் தனியே நின்றேன். அவர் எழுந்து வந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் போயிருப்பேன். நான் போயிருந்தால் கூழ் அகப்பட்டிருக்கும். இருவரும் அந்த மனிதரை மறந்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த வாரமே அறிக்கை வந்தது. மருத்துவரின் முன் என்னைக் காத்தவர், அறிக்கையில் என் தகுதிகாண் பருவத்தை மேலும் மூன்று மாதம் நீட்டிக்கப் பரிந்துரைத்திருந்தார். அலுவலகத்தில் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அவரிடமே போய்க் கேட்டேன்.

"மூணாவது தடவை போகலையேக்கா" என்றார், ஏட்டிலிருந்து தலையை உயர்த்தாமல்.

வீட்டில் என் கணவர், "இன்னும் மூணு மாசமா?" என்றார். "ஆம்" என்றேன். அவர் முகத்திலிருந்தது ஏமாற்றமா, ஆறுதலா என்பதையும் என்னால் அறிய முடியவில்லை. அந்த நாட்களில் எனக்கு எந்த முகமும் விளங்கவில்லை.

இளம் தோழியரே, தோழர்களே, அந்த நாளிலிருந்து நான் உறுதியாக எடுத்துக்கொண்டது ஒன்றே. அஞ்சலைக்கு நாம் இரண்டு கட்டளைகள் கொடுத்திருந்தோம். ஒன்றும் உண்ணாதே என்பது ஒன்று; அது முந்தின நாள் மாலை, அறியாத ஒருத்தி, அறியாத தமிழில் சொன்னது. மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே என்பது மற்றொன்று. அது பதினைந்து ஆண்டுகளாக எத்தனையோ மருத்துவர்கள் சொன்னது. ஒன்றோடொன்று மோதியபோது, தம் கணவரை இத்தனை ஆண்டு காத்த கட்டளையை அவர் நம்பினார். அவரிடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்திருப்பேன். அதற்குப்பின் என் பணிக்காலம் முழுவதும், பட்டினியிருக்கும் நோயாளிக்கு மாத்திரை கொடுக்கும்போதெல்லாம், உடன் இருப்பவரைத் தேடிப் போய், "இந்த ஒரு மாத்திரை வெறும் வவுத்துலதான் போடணும்மா" என்று அவர்கள் பேச்சிலேயே சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தேன். இதனை நான் உறுதியாகச் சொல்வேன்.

அந்தப் பொறுப்புச் செவிலியரைப் பற்றி என்னால் அவ்வளவு உறுதியாக எதுவும் சொல்ல இயலவில்லை. காரணமின்றி அலைக்கழித்தது அறமா? அறமன்று. அந்த அலைக்கழிப்புக்கு நான் மூன்றாம் முறையும் பணிந்திருந்தால் ஏழுமலை மேசை வரை போயிருக்கமாட்டார் என்பது உண்மையா? உண்மை. இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைக்க நான் இன்றளவும் முயன்று தோற்கிறேன். பொறுத்துப் போ என்று சொன்னால் அவருடைய குற்றத்துக்கு நான் துணை போகிறேன். எதிர்த்துப் பேசு என்று சொன்னால் என் படிக்கட்டை மறைக்கிறேன். ஆகவேதான், மகளே, அன்று பேருந்துக்கு நேரமாயிற்று என்றேன்.

நான்கு நாள் கழித்து ஏழுமலைக்கு மறுபடியும் அறுவை நாள் குறித்தார்கள். காலை மாத்திரையை நானே கொடுத்தேன். அஞ்சலையின் பக்கத்தில் அமர்ந்து சொல்ல வேண்டியதைச் சொன்னேன். எட்டு மணிக்கு எல்லாவற்றையும் சரிபார்த்தேன். கோப்பு, கையொப்பம், மேற்கை, கட்டிலின் அடி. மேசைக்கு வந்து பொறுப்புச் செவிலியரிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, அந்த வாக்கியத்துக்காகக் காத்து நின்றேன்.

"சரி" என்றார்.

முதல் முறையிலேயே.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நம்புகிறாரா? சலித்துவிட்டாரா? அல்லது மருந்து பீரோவின் கண்ணாடியில் மறுபடியும் என்னைப் பார்க்கப்போகிறாரா? அவர் முகத்தில் விடை தேடினேன். அவர் ஏட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

நான் திரும்பி வார்டுக்குள் போனேன்.

அஞ்சலை கட்டிலருகே நின்றிருந்தார். "இன்னாம்மா, திரும்ப வந்துட்ட? அந்தம்மா அனுப்புனாங்களா?"

"இல்லை."

"பின்ன?"

கட்டிலின் அடியில் குனிந்து தூக்கை எடுத்தேன். திறந்து பார்த்தேன். காய்ந்திருந்தது. முகர்ந்தும் பார்த்தேன், பாத்திரம் துலக்கிய சாம்பல் மணம்தான். அஞ்சலை இரு கைகளையும் விரித்துக் காட்டினார். படுத்திருந்த ஏழுமலை, யாரும் கேளாமலே, அறுவைக்கு முன்னால் கடைசியாகச் செய்ய வேண்டிய கடமை அதுதான் என்பது போல், வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டினார்.

குனிந்து பார்த்தேன். பிறகு மேசைக்குப் போய், யாரும் கேட்காத விடையைச் சொன்னேன்: "பார்த்துவிட்டேன் சிஸ்டர்."

அவர் தலையை உயர்த்தவில்லை. எழுதிக்கொண்டிருந்த பேனா மட்டும் ஒருகணம் நின்றது.